எண்பத்தொன்பது மீட்டர்

ஜூலை 28

சிமெண்ட் கம்பெனிக்காரர் ஜனவரியில் ஆபீஸுக்குக் கொடுத்த டைரி. ஏழு மாதம் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. முதல் பக்கத்தில் கம்பி எடை அட்டவணை, கடைசிப் பக்கத்தில் ராகு காலம். நடுவில் எல்லாம் காலி.

முதலாளி தளவாய் அண்ணாச்சி இன்று சொன்னார்: "எஞ்சினியரு, தெனமும் என்ன செஞ்சீருன்னு ஒரு நோட்டுல எழுதி வையும். நாளைக்கு ஒருத்தன் கேட்டா பதில் சொல்லணும்லா." ஆபீஸ் வேலையை ஆபீஸ் நோட்டில் எழுதுகிறேன். இது என் நோட்டு.

பெயர் நயினார். சிவில் பி.இ. வயது இருபத்தாறு. இரண்டு வருடம் சைட்டில் வெயிலில் காய்ந்தேன். இந்த மாதத்திலிருந்து பாளையங்கோட்டையில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில், தளவாய் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸில் எஸ்டிமேட்டர். கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே தாளில் ஒருமுறை கட்டி முடிக்கிற வேலை. எத்தனை செங்கல், எத்தனை டன் கம்பி, எத்தனை கன மீட்டர் கான்கிரீட். அதற்கு விலை போட்டால் டெண்டர். விலை கூடினால் வேலை கிடைக்காது. குறைந்தால், கிடைத்து நாசமாகும்.

என் திட்டம் எளிது. இங்கே நான் போட்ட எஸ்டிமேட் ஒன்று ஜெயிக்க வேண்டும். அதைக் காட்டிச் சென்னைக்குப் போக வேண்டும். பெரிய கம்பெனி, பெரிய கட்டடம். ஆறு மாதம் போதும்.

ஆபீஸில் மொத்தம் மூன்று பேர். அண்ணாச்சி, நான், ஜெபசெல்வி. ஜெபசெல்வி டிப்ளமோ சிவில் முடித்தவர். ஆனால் அவருக்குக் கொடுத்திருப்பது டைப்பிங், பிரிண்ட், கோப்பு. நிறையக் கேள்வி கேட்கிறார்.

ஆகஸ்ட் 4

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளி அறக்கட்டளை மாணவியர் விடுதி கட்டப்போகிறது. இரண்டு மாடி, நாற்பது அறை, சுற்றிலும் காம்பவுண்ட் சுவர். மொத்தத் தொகை ஒப்பந்தம். அதாவது அளவெடுப்பது நம் பொறுப்பு. ஒரு தொகை சொல்லிவிட்டால் அதற்குள் கட்டிக் கொடுத்தாக வேண்டும். ஒரு தூணை எண்ண மறந்தால் அந்தத் தூணை நம் கைக்காசில் நட வேண்டும்.

அண்ணாச்சி வேண்டாம் என்றார். மூன்று வருடத்துக்கு முன் இப்படி ஒரு வேலையை எடுத்து, அளவு உதைத்து, பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தத் தெருப் பக்கம் இன்னும் போகமாட்டாராம். நான் ஒரு மணி நேரம் பேசினேன். அப்போது உங்களிடம் எஸ்டிமேட்டர் இல்லை, இப்போது இருக்கிறான் என்றேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் உண்மை.

"ஒம்ம நம்பித்தாம்வே எறங்குதேன்," என்றார்.

ஆகஸ்ட் 7

மனையைப் பார்க்கப் போனேன். சாரல். கேட் வரவேண்டிய இடம் தெரிந்தது. மற்றதெல்லாம் ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

ஜெபசெல்வி: "சுத்தி நடந்து பாத்தீங்களா சார்?"

"எதுக்கு? அதான் படம் இருக்கே."

"படத்துல முள்ளு குத்தாதுலா," என்றார்.

 

ஆகஸ்ட் 9

ஆர்க்கிடெக்ட் கம்ப்யூட்டர் கோப்பைத் தரமாட்டாராம். பிடிஎஃப்தான். பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கிற கடையில் மெஷின் ரிப்பேர். ஜெபசெல்வி மார்க்கெட் வரைக்கும் நடந்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் சின்னத் தாளில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இருபத்தொரு தாள். எழுத்தெல்லாம் எறும்பு. கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிறுத்தவில்லை. அவர் போய்விட்டு ஒரு பூதக்கண்ணாடியோடு வந்து அதை என் மேசையில் வைத்தார்.

"கீழ டிராயர்ல கிடந்துச்சு," என்றார்.

 கண்ணாடி நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12

தூண், உத்திரம், தளம் முடிந்தது. நாளை கம்பி.

எங்கள் தொழிலில் முதல் விதி: படத்தில் எண் எழுதியிருந்தால் எண்ணை எடு. ஸ்கேல் வைத்து அளக்காதே. தாள் சுருங்கும், எண் சுருங்காது. இன்று ஜெபசெல்விக்கு இதை அரை மணி நேரம் விளக்கினேன். "தெரியும் சார். பாலிடெக்னிக்ல மொத வாரமே சொன்னாங்க," என்றார். அதற்குப் பிறகும் பத்து நிமிடம் விளக்கினேன். ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே.

காம்பவுண்ட் சுவருக்கு மட்டும் எண் இல்லை. மனைப் படத்தில் வெறும் கோடு. ஒன்றுக்கு இருநூறு என்று ஸ்கேல் போட்டிருக்கிறார்கள். ஆர்க்கிடெக்டுக்கு இரண்டு போன், ஒரு மெயில். பதில் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, மறக்காமல் இருக்க அந்தத் தாளின் மூலையிலேயே ஒட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 14

மெஸ் லீவு. ஜெபசெல்வி டப்பாவைத் திறந்து பாதிச் சோற்றை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். சாளை மீன் குழம்பு. மீனில் முள் ஏற்கெனவே எடுத்திருந்தது. ஏன் என்றேன்.

"நீங்க சாப்பிடுத வேகத்துக்கு முள்ளெல்லாம் பாக்க மாட்டீங்க. பொறவு ஆஸ்பத்திரிக்கு யாரு கூட வருவா? டெண்டர் வேற இருக்கு."

கம்பி கணக்கு முடிந்தது. முப்பத்தெட்டு டன்.

ஆகஸ்ட் 17

நாளை மூன்று மணிக்கு டெண்டர். ஆர்க்கிடெக்ட் போனை எடுக்கவே இல்லை. நானே ஸ்கேலை வைத்துச் சுவரை அளந்தேன். இரண்டு தடவை அளந்தேன். 215 மீட்டர்.

ஆகஸ்ட் 18

எஸ்டிமேட்டின் கடைசித் தாளில் இரண்டு கட்டம் இருக்கும். தயாரித்தவர். சரிபார்த்தவர். இரண்டும் இரண்டு ஆள். ஒருவர் ஒவ்வொரு அளவாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர் படத்தைப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். கூப்பிட்டுப் பார்ப்பது என்போம்.

ஜெபசெல்வி காலையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். "நான் வாசிக்கேன் சார், நீங்க டிக் அடிங்க. மதியத்துக்குள்ள முடிச்சிரலாம்."

நேரம் இல்லை என்றேன். நேரம் இருந்தது. என் அளவை இன்னொருவர் சத்தமாக வாசிப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டு கட்டத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். இரண்டாவதைக் கொஞ்சம் கோணலாக.

இரண்டு நாற்பதுக்குக் கவரைப் போட்டோம்.

ஆகஸ்ட் 25

வேலை நமக்கு!

அண்ணாச்சி படியில் வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். ஜிலேபி, மிக்சர். கீழே பெயிண்ட் கடைக்காரருக்கும் கொடுத்தார். "எங்க எஞ்சினியரு போட்ட அளவு. ஒரு செங்கல் மாறாது," என்று அவரிடம் சொல்வது மாடி வரை கேட்டது. ஜெபசெல்வி ஜிலேபியில் பாதியை எனக்கு வைத்துவிட்டு, "இனிப்பு ஆகாது," என்றார். நேற்று இரண்டு கேக் சாப்பிட்டவர்.

சென்னைக் கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 26

மொத்தம் நான்கு பேர் போட்டிருந்தோம். மற்ற மூவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். அரை சதவீதத்துக்குள். நாம் மட்டும் மூன்று சதவீதம் கீழே, தனியாக.

ஒன்று, நான் கெட்டிக்காரன். இல்லையென்றால் எதையோ விட்டிருக்கிறேன்.

நான் கெட்டிக்காரன்தான்.

செப்டம்பர் 2

சென்னையில் எடுத்துக்கொண்டார்கள். போனில் இரண்டு சுற்று, அவ்வளவுதான். விடுதி டெண்டரைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். இருபத்தைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும். வீரவநல்லூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சியிடம் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். அன்றுதான் அறக்கட்டளையோடு ஒப்பந்தக் கையெழுத்து. நல்ல காரியத்தின் நடுவில் எதற்கு. ஜெபசெல்விக்கு மட்டும் தெரியும். நான் போனில் பேசும்போது அந்த ஒற்றை அறையில் அவர் எங்கே போவார்?

செப்டம்பர் 5

ஒப்பந்தத்தில் சேர்க்க ஒரிஜினல் படங்கள் வந்தன. பெரிய தாள். உருளையாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு. ஜெபசெல்வி பாங்கிக்குப் போயிருந்தார். அண்ணாச்சி சைட்டில். சும்மாதான் விரித்தேன். மனைப் படத்தின் மேல் என் சின்னத் தாளை வைத்தேன்.

ஒரே படம். ஒரே கோடு. ஒரே இடத்தில் "ஒன்றுக்கு இருநூறு". ஆனால் பெரிய தாளில் மனை என் தாளைத் தாண்டி நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பெரிய தாளைச் சின்னத் தாளில் அடைக்க ஜெராக்ஸ் மெஷின் படத்தைச் சுருக்கியிருக்கிறது. கோடு சுருங்கியது. ஸ்கேல் என்று எழுதியிருந்த எண் சுருங்கவில்லை. கட்டடத்துக்கு எல்லாம் எண் இருந்ததால் தப்பியது. எண் இல்லாத ஒரே பொருளை, சுருங்கிய தாளில், நான் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். இரண்டு தடவை.

பெரிய தாளில் அளந்தேன். 304. நான் எழுதியது 215. எண்பத்தொன்பது மீட்டர் சுவரை நான் தாளிலேயே கட்டவில்லை.

டெண்டர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நிலத்தின் பரப்பு இருக்கிறது. ஒரு ஏக்கர் முப்பத்தாறு சென்ட். அது சரியான சதுரமாக இருந்தாலே சுற்றி வர 297 மீட்டர் வேண்டும். ஒரு நிமிடக் கணக்கு. போடவில்லை. மனையைச் சுற்றி நடந்திருந்தால் காலுக்கே தெரிந்திருக்கும்.

முதலில் வந்தது கோபம். சின்னத் தாளில் எடுத்து வந்தது யார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தக் கோபத்தில்தான் மூலையில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்தேன்.

அடியில் பென்சிலில், சின்னதாக, கோடு போட்ட மாதிரி எழுத்து: "சுருக்கி எடுத்தது. அளக்க வேண்டாம். ஜெ."

என் சீட்டை அதன் மேல் ஒட்டியிருக்கிறேன்.

பென்சில் எழுத்து. வேறு யாரும் பார்க்கவில்லை. ரப்பர் மேசை மேல் இருந்தது. இருந்தது என்பதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

படி ஏறுகிற சத்தம் கேட்டது. மஞ்சள் சீட்டை மறுபடி அதே இடத்தில் ஒட்டினேன்.

செப்டம்பர் 6

வேலைக்குப் போனேன். வந்தேன்.

செப்டம்பர் 7

யோசித்துப் பார்த்தால்: காம்பவுண்ட் சுவர் கடைசியில்தான் வரும். பிப்ரவரி ஆகும். அதுவரை யாருக்கும் தெரியாது. அப்போது நான் சென்னையில். படத்தை எடுப்பார்கள், சின்னத் தாளைப் பார்ப்பார்கள், யார் பிரிண்ட் எடுத்தது என்று கேட்பார்கள். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். போன வருடம் ஒரு சூப்பர்வைசரை அப்படித்தான் அனுப்பினார்.

பன்னிரண்டுக்கு முன்னால் சொன்னால் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யலாம். பிறகு சொன்னால் முடிவு செய்ய ஒன்றும் இருக்காது. சொல்லாமலே போனால் என் எஸ்டிமேட் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

அம்மா போன். சென்னைக்கு எத்தனை தலையணை எடுத்துப் போகிறாய் என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 8

சாயங்காலம் கிளம்பும்போது ஜெபசெல்வி ஒரு நீள டப்பாவை மேசையில் வைத்தார். பூப்போட்ட தாள் சுற்றியிருந்தது.

"பன்னெண்டாந்தேதிக்குப் பொறவு நேரமே இருக்காது. அதான் இப்பமே."

முக்கோண ஸ்கேல். ஆறு பக்கமும் ஆறு அளவு. நல்ல கம்பெனி. விலை எனக்குத் தெரியும். அவர் சம்பளமும் எனக்குத் தெரியும்.

"சென்னைல எல்லாம் பெரிய பெரிய படமா இருக்கும்லா சார். அந்தப் பழைய ஸ்கேலு முனை ஒடஞ்சு கெடக்கு. அதோட போனா எங்க ஆபீசத்தான் கேவலமா நெனைப்பாங்க."

நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அவர் படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து, "பிடிக்கலையா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். மூஞ்சியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றார்.

அறைக்கு வரும் வழியெல்லாம் அந்த டப்பா கையில் இருந்தது.

செப்டம்பர் 9

சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி வந்து உட்கார்ந்ததும் இரண்டு தாளையும் அவர் முன்னால் விரித்தேன். ஜெபசெல்வி டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானவே?" என்றார்.

"படம் ஒண்ணுதான். இது சின்னது." புது ஸ்கேலை எடுத்து இரண்டிலும் வைத்துக் காட்டினேன். "இதுல அளந்தா எரநூத்திப் பதினஞ்சு. அதுல முன்னூத்தி நாலு. நான் இதுல அளந்துட்டேன்."

டைப் சத்தம் நின்றது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பினார். "ஏம்மா, சின்னத் தாள்ல எடுத்துட்டு வந்தது நீதான?"

ஜெபசெல்வி எழுந்து நின்றார். வாயைத் திறப்பதற்குள் மஞ்சள் சீட்டைப் பிய்த்தேன். "அவங்க எழுதி வச்சிருக்காங்க அண்ணாச்சி. அளக்க வேண்டாம்னு. நாந்தான் மேல சீட்ட ஒட்டி மறைச்சுட்டேன். அன்னைக்கு வாயால சொல்ல வந்தாங்க, அதையும் கேக்கல. கூப்பிட்டுப் பாக்கணும்னாங்க, அதுக்கும் விடல. சரிபார்த்தவர்னு நானே கையெழுத்துப் போட்டேன்."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாலு நாள் எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி எழுந்து கீழே போனார். கத்துவார் என்று இருந்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. பெயிண்ட் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். மாடியில் நானும் ஜெபசெல்வியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி மூன்று டீயோடு வந்தார்.

"மொதல்ல குடியும்."

குடித்தேன்.

"சென்னைக்காரன் என்னைக்கு வரச் சொல்லியிருக்கான்?"

 ஜெபசெல்வியைப் பார்த்தேன்.

"அவள ஏன்வே பாக்கீரு? அவனுவ எனக்குப் போன் போட்டுக் கேட்டானுவ, ஆள் எப்படின்னு. தங்கம்னு சொல்லிட்டேன். போன வாரமே சொல்லிட்டேன். இப்பம் திரும்பக் கூப்பிட்டு என்ன சொல்ல, செம்புன்னா?"

ஜெபசெல்விக்குச் சிரிப்பு வந்து டீ மூக்கில் ஏறிவிட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை.

"மூணு நாளு இருக்கு," என்றார் அண்ணாச்சி. "முழுசையும் கூப்பிட்டுப் பாருங்க, ரெண்டு பேரும். இன்னும் என்னென்ன மறச்சு வச்சிருக்கீரோ."

செப்டம்பர் 10

கூப்பிட்டுப் பார்த்தல், முதல் நாள். ஜெபசெல்வி வாசிக்க, நான் டிக் அடிக்க. அஸ்திவாரம் மட்டும் நூற்றெழுபது வரி. அவர் குரல் வேலைக்கு நல்ல குரல். எண்ணை விழுங்குவதில்லை.

மதியம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். "இத அழிச்சிருக்கலாம்லா."

"ரப்பர் கிடைக்கல."

"ஒங்க மேசையிலதான் கெடக்கு," என்றார். பிறகு அடுத்த வரியை வாசித்தார்.

செப்டம்பர் 11

இதை எழுதத்தான் வேண்டும்.

"கம்பி சேதாரம், ஏழு சதவீதம்," என்று வாசித்தார்.

"மூணு," என்றேன்.

"ஏழுன்னு எழுதியிருக்கு."

பார்த்தேன். ஏழு. என் கையெழுத்து.

"மூணு போதும்னு நீங்கதான சார் சொல்லுவீங்க? கூடப் போடுறவன் எஸ்டிமேட்டரே இல்ல, ஜோசியக்காரன்னு?"

சொல்லியிருக்கிறேன். பல தடவை.

"பொறவு எதுக்கு ஏழு?"

"பயம்," என்றேன். வாயில் வந்துவிட்டது.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் "பயம், 4%" என்று எழுதிவிட்டு அடுத்ததை வாசித்தாள். அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. பூச்சில் ஜன்னலைக் கழிக்காமல் விட்டிருக்கிறேன். பயம். அஸ்திவாரத் தோண்டலில் அரை அடி அகலம் கூட. பயம். தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு தடவை கான்கிரீட். "இது பயமா, மறதியா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்து, மறதி என்றேன். அதைத் தனியாகக் குறித்துக்கொண்டாள்.

கூடுதலாகக் கிடந்ததையெல்லாம் கூட்டி, அதில் எவ்வளவு சுவர் கட்டலாம் என்று போட்டோம். ஐம்பத்திரண்டு மீட்டர். எண்பத்தொன்பதில் ஐம்பத்திரண்டு போக, முப்பத்தேழு.

"பயந்த வரைக்கும் நல்லதாப் போச்சு," என்றாள்.

இத்தனை நாள் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு எண்ணை எழுதும்போதும் இது தப்பு என்றே தோன்றும். வேகமாக எழுதினால் தெரியாது.

செப்டம்பர் 12

அறக்கட்டளை அலுவலகத்தில் பதினொரு மணிக்குக் கையெழுத்து. காரில் போகும்போது அண்ணாச்சியிடம் சொன்னேன், முப்பத்தேழு மீட்டர் இன்னும் இடிக்கிறது, விலகுவதாக இருந்தால் இப்போதே விலகலாம் என்று.



"ஒரு தெருவுக்கு ஏற்கெனவே போக மாட்டேங்கேன்," என்றார். "இன்னொரு ஊருக்கும் போவாம இருக்க முடியாதுவே. புது கான்கிரீட் மிக்சர் மிஷினு வாங்கலாம்னு இருந்தேன்லா, அது அடுத்த வருசம். பழசுக்கு ஒரு பேரிங் மாத்திக்கிடுவோம்."

பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைப் பார்த்தார். "அந்தச் சொவத்த யாருவே கட்டப் போறா? நீரு போறீரா, இருக்கீரா?"

எதிரே அறக்கட்டளைச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். இருக்கேன் என்றேன். போட்டார்.

செப்டம்பர் 13

சென்னைக்கு மெயில் எழுதினேன். நாலு தடவை எழுதி, கடைசியில் இரண்டு வரி. காரணம் கேட்டுப் பதில் வந்தது. சுவர் என்று எழுத முடியாது. சொந்தக் காரணம் என்று எழுதினேன். எழுதிய பிறகு அது பொய் இல்லை என்று பட்டது.

அம்மா இரண்டு நாள் பேசமாட்டாள். தலையணை உறை எல்லாம் தைத்துவிட்டாளாம்.

ஜெபசெல்விக்கு ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தேன். "சென்னைக்கு வாங்கினது. போகலையே."

"அம்பாசமுத்திரத்துக்கும் அளக்கலாம்," என்றாள். "எண் இல்லாத எடத்துல மட்டும்."

நவம்பர் 6

அஸ்திவாரம் முடிந்தது. பழைய மிக்சர் மிஷின் இன்று மூன்று தடவை நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எல்லாரும் மிஷினைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறார்கள். அண்ணாச்சி எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 3

மழை. வேலை இல்லை.

ஜெபசெல்விக்குச் சளி. வரவில்லை. ஆபீஸில் பெயிண்ட் வாடை இவ்வளவு அடிக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜனவரி 9

புது டெண்டர், ஒரு கல்யாண மண்டபம். முழு அளவும் ஜெபசெல்வி எடுத்தாள். அவளையே எடுக்க விடலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னது நான். "இதச் சொல்ல ஒமக்கு ஒரு வருசம் ஆச்சு," என்றார். ஆறு மாதம்தான் ஆகிறது. திருத்தவில்லை.

நான் வாசித்தேன். அவள் டிக் அடித்தாள். அவள் அளவில் இரண்டு பிழை கண்டுபிடித்தேன். நான் வாசித்ததில் அவள் நாலு பிழை கண்டுபிடித்தாள். கடைசித் தாளில் முதல் கட்டத்தில் அவள் கையெழுத்து, இரண்டாவதில் என்னுடையது. பக்கத்துப் பக்கத்தில் பார்க்க நன்றாக இருந்தது. நகல் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கோப்புக்காக.

பிப்ரவரி 2

காம்பவுண்ட் சுவர் ஆரம்பம். மேஸ்திரி செண்பகராமன் காலையிலேயே நூலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், இதுல நயினார் சொவரு எங்கருந்து ஆரம்பிக்கு?"

அண்ணாச்சி கைக்காசில் கட்டுகிற முப்பத்தேழு மீட்டருக்கு ஆட்கள் வைத்திருக்கிற பெயர். வடகிழக்கு மூலையைக் காட்டினேன். ஜெபசெல்வி அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு அதில் மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டினாள். சாயங்காலம் வரை எல்லாரும் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி 19

சுவர் முடிந்தது. நயினார் சுவரில் ஒரு செங்கல் கூட கோணலில்லை. செண்பகராமன் அதை மட்டும் இரண்டு தடவை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்திருக்கிறார்.

இறுதி அளவு எடுக்க அண்ணாச்சி எங்கள் இருவரையும் அனுப்பினார். முப்பது மீட்டர் டேப். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பூஜ்யத்தைப் பிடிக்க, ஒருவர் வாசிக்க. ஜெபசெல்வி பூஜ்யத்தில் நின்றாள். கேட்டிலிருந்து ஆரம்பித்து முழுக்கச் சுற்றினோம். ஆகஸ்டில் நான் நடக்காத தூரம். கருவேலத்தை வெட்டிவிட்டார்கள், ஆனால் முள் கிடக்கிறது. என் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது. உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"படத்துல குத்தலலா?" என்று அந்த முனையிலிருந்து கத்தினாள்.

எடுத்த முள்ளைத் தூக்கிக் காட்டினேன்.

பத்து முறை முப்பது. கடைசித் துண்டு நாலு மீட்டர் பத்து.

"முன்னூத்தி நாலு புள்ளி ஒண்ணு," என்றேன்.

"வாசிச்சது நீங்க. சரிபாக்க வேண்டாமா?"

டேப்பின் முனையில் ஒரு செங்கலைத் தூக்கி வைத்துவிட்டு, சுவரோரமாகவே நடந்து என் பக்கம் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தாள். விட்டால் டேப் நழுவிவிடும் என்று நான் கையை எடுக்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. நானும் டேப்பைச் சுற்றவில்லை. செண்பகராமன் இரண்டு தடவை கூப்பிட்டார்.

ஆபீஸ் நோட்டில் 304.1 என்று எழுதிவிட்டேன். இந்த நோட்டுக்கு அவள் நடந்து வந்த அந்த நாலு மீட்டர் பத்து போதும்.